காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காதீர்கள்

(மரக்காணத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்த இடத்தில் நின்று நாங்கள் கணக்குச் சொல்வோம். ரமலானில் எத்தனை வீட்டுக்கு அரிசி போனது, பைத்துல்மாலில் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இன்று ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறோம். அது வேறு யாருடைய தவறும் அல்ல, எங்கள் தவறு. அதைக் கேட்ட பிறகு இந்த ஊரில் இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம்.

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளிடம் அனுமதி கேட்டுத்தான் பேசுகிறோம். 74 வயது. உப்பளத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர். சர்க்கரை நோய் இருந்தது. பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டதால் டியூப் போட்டு, பை மாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இடையில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார்.

அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் மூன்று முறை போய்ப் பார்த்தோம். ஆப்பிள் வாங்கிப் போனோம். மருந்துச் செலவுக்குப் பணம் கொடுத்தோம். நாற்காலியில் உட்கார்ந்து நலம் விசாரித்தோம். துஆ செய்தோம். கட்டிலுக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்த பையைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர் சங்கடப்படுவாரே என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அதை மரியாதை என்று நினைத்தோம்.

அவர் மௌத்தான பிறகு, அவருடைய மனைவி எங்கள் சகோதரிகளிடம் ஒரு விஷயம் சொன்னார். "மூத்திரப் பையோட எப்படி அல்லாஹ் முன்னால நிக்கிறதுன்னு அஞ்சு வேளையும் பையைக் கழட்டிடுவாரு. குழாய் வாயைத் துணியால கட்டிட்டுத் தொழுவாரு. தொழுதுட்டு மறுபடி மாட்டிக்குவாரு."

ஒரு நாளைக்கு ஐந்து முறை. இரண்டு மாதம். ஏறத்தாழ 300 முறை அந்தக் குழாய் திறக்கப்பட்டிருக்கிறது. டியூபும் பையும் பொருந்தும் இடம் கிருமி புகாதபடி மூடியே இருக்க வேண்டிய இடம். அதை அவர் தொழுகையின் மேல் வைத்திருந்த பேணுதலால் திறந்தார். கழற்றாமலே தொழலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் அருகில் நாங்கள் மூன்று முறை உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை அஸருக்கு அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கமாக வருகிறது என்றார். மனைவியை, இறந்துபோன தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. பையில் கொஞ்சம்தான் சிறுநீர் இருந்தது, அதுவும் டீ டிக்காஷன் நிறத்தில். மகன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 99.4. காய்ச்சல் என்று சொல்ல முடியாதே என்று நினைத்து, கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இஷாவுக்குப் பிறகு எங்களில் ஒருவருக்குப் போன் செய்து கேட்டார். நாங்கள் சொன்ன பதில் இது: "காய்ச்சல் இல்லையே தம்பி, அசதியா இருக்கும். தூங்கட்டும். காலைல பார்த்துக்கலாம்."

காலையில் பஜ்ருக்கு எழுப்பப் போனபோது கைகால் சில்லிட்டிருந்தது. மூச்சு வாங்கியது. கார் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்த அழுத்தம் மிகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, செப்சிஸ் ஆகிவிட்டது என்றார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்பதுதான். மூன்றாம் நாள் அவர் நம்மை விட்டுப் போனார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய அஜல் அல்லாஹ்வின் கையில் இருந்தது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்ரைச் சொல்லி நம் அலட்சியத்தை மூடிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலேயே மக்தபில் சொல்லிக்கொடுத்த பாடம்.

செப்சிஸ் என்றால் என்ன?

நம் ஊரில் 'செப்டிக் ஆயிடுச்சு' என்று சொல்வோம். காலில் ஆணி குத்திச் சீழ் பிடித்தாலும் அதே வார்த்தைதான். இங்கே பேசுவது அதைவிடப் பெரிய விஷயம். சிறுநீர்ப் பாதையிலோ, நுரையீரலிலோ, தோல் புண்ணிலோ இருக்கிற கிருமி ரத்தத்துக்குள் இறங்குகிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டம் கட்டுமீறும்போது, கிருமியோடு சேர்த்து உடம்பின் சொந்த உறுப்புகளும் அடிபடுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகாததால் சிறுநீர் குறைகிறது. மூளைக்குக் குறைவதால் குழப்பமும் மயக்கமும் வருகின்றன. இதுதான் செப்சிஸ்.

இது அபூர்வமான நோய் அல்ல. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் அதில் இறந்தார்கள் என்று 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. உலகில் நடக்கும் ஐந்து மரணங்களில் ஒன்று. அதே 2017 மே மாதத்தில்தான் உலக சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் செப்சிஸைத் தடுக்கவும் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

மேல்நாடுகளில் முதியவர்கள் பலர் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். அந்த இல்லங்களில் ரத்தத்தில் கிருமி கலப்பது எப்படி என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதிகமாக அது சிறுநீர்ப் பாதை வழியாக வருகிறது. அடுத்து நுரையீரல், அடுத்து தோலும் படுக்கைப் புண்ணும். நம் பகுதியில் அப்படிப்பட்ட இல்லங்கள் குறைவு. நம் அத்தாவும் அம்மாவும் நன்னாவும் நன்னிமாவும் வீட்டிலேயே இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் டியூப் போட்டவர், படுத்த படுக்கையானவர், மூக்குக் குழாயில் உணவு எடுப்பவர் எல்லாம் இருக்கிற நம் வீடும் ஒரு பராமரிப்பு இல்லம்தான். அங்கே இருக்கிற பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டும் இங்கே இல்லை. அந்த இடத்தில் நம் வீட்டு மருமகளும் மகளும் பேத்தியும் நிற்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதியவர் உடம்பு வேறு மாதிரி பேசும்

சின்னப் பிள்ளைக்குக் கிருமி தொற்றினால் உடம்பு அனலாகக் கொதிக்கும். வயதானவர்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. கடுமையான தொற்று இருக்கிற முதியவர்களில் நூற்றுக்கு 20, 30 பேருக்குக் காய்ச்சல் வராமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். அவர்களுடைய வழக்கமான உடல் சூடே குறைவு. ஆகவே வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரு முறை 100க்கு மேல் போனாலும், திரும்பத் திரும்ப 99க்கு மேல் இருந்தாலும், வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலும் முதியவருக்கு அது காய்ச்சல்தான்.

நாம் சொன்ன பெரியவருக்கு 99.4 இருந்தது. பிறகு அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தோம். நலமாக இருந்த நாளில் அவருடைய சூடு 97.2 என்று எழுதியிருந்தது. 2 டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. சீட்டு அலமாரியில் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வீட்டில் உள்ளவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை.

முதலாவது, திடீர்க் குழப்பம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் பேசுகிறார், நேரம் தெரியவில்லை, எழுப்பினாலும் தூங்கி விழுகிறார். இரண்டாவது, மூச்சு. மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 22க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். மூன்றாவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது. நான்காவது, கைகால் சில்லிடுவது, உடம்பு வெடவெடவென்று நடுங்குவது, தோல் வெளுத்தோ திட்டுத் திட்டாகவோ தெரிவது. ஐந்தாவது, நேற்று நடந்தவர் இன்று எழுந்து நிற்க முடியாமல் விழுவது, சாப்பாடு தண்ணீரை அடியோடு மறுப்பது. வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எது திடீரென்று வந்தாலும், காய்ச்சல் இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இறங்கினாலும் இப்படி வரும், பக்கவாதத்திலும் இப்படி வரும். எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சு நம் வீடுகளில் பெரிய ஆபத்து. முதுமை மெதுவாக, மாதக் கணக்கில் வரும். ஒரே மத்தியானத்தில் வந்தால் அது முதுமை அல்ல, நோய்.

ஏன் இவ்வளவு அவசரம்? செப்சிஸில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. நமக்கோ புதுச்சேரி போனாலும் திண்டிவனம் போனாலும் 30, 40 கிலோமீட்டர். சாலையிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டில் யோசிப்பதற்கு நமக்கு நேரம் மிச்சமில்லை. 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனும் குளுக்கோஸும் தொடங்க முடியும்.

ஆஸ்பத்திரியில் போய் 'உடம்பு முடியலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். "நேற்று வரை நன்றாகப் பேசினார், இன்று மூன்று மணியிலிருந்து குழப்பம், டியூப் போட்டு இத்தனை நாள், சர்க்கரை இருக்கிறது, இந்த மாத்திரை கொடுத்தோம். செப்சிஸாக இருக்குமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கிருமி நுழையும் வாசல்கள்

வீட்டைப் பூட்டுவதுபோல இந்த வாசல்களையும் காக்க வேண்டும். நான்கு வாசல்களைச் சொல்கிறோம்.

முதல் வாசல் சிறுநீர் டியூப். டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேர்ந்துகொண்டே வரும். ஒரு மாதம் ஆகும்போது ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்த டியூப் இன்னும் தேவையா, எப்போது எடுப்பீர்கள் என்பது. இருக்கிற வரை பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. பையைத் தூக்கி இடுப்பில் கைலிக்குள் சொருகிக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கிறோம். சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும். டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றவே கூடாது. பை முக்கால்வாசி நிறைவதற்குள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பையின் அடியில் இருக்கும் திறப்பு வழியாக வடிய விடுங்கள். மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இனி தொழுகை விஷயம். இமாம் அவர்களிடம் கேட்டோம். தொடர்ந்து சிறுநீர் வெளியேறும் உபாதை உள்ளவருக்கு ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபுகளிலும் சலுகை உண்டு. தொழுகை வேளை வந்ததும் ஒளு செய்துகொண்டு, டியூபும் பையும் இருந்தபடியே தொழலாம். கழற்ற வேண்டியதில்லை. தொழுகைக்கு முன் அடித் திறப்பு வழியாகப் பையை வடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுத் தொழலாம். உங்கள் வீட்டில் டியூப் போட்ட பெரியவர் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இமாம் அவர்களே வீட்டுக்கு வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜஸாக்குமுல்லாஹு கைரா.

இரண்டாவது வாசல் படுக்கைப் புண். முதுகுத் தண்டின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. வளையம் போன்ற டியூப் தலையணை வைப்பது நல்லதல்ல, அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அழுத்தும். புண் ஆனபிறகு மஞ்சள் பொடி, காப்பித்தூள், மாத்திரைப் பொடி எதையும் போடாதீர்கள்.

மூன்றாவது வாசல் கால். உப்பளத்தில் பாத்தியில் நின்று உப்பு வாரியவர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்த்துப்போய், வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறியிருக்கும். வேலையை விட்டுப் பத்து வருடம் ஆனாலும் அந்தப் பாதம் அப்படியேதான் இருக்கும். அதோடு சர்க்கரையும் சேர்ந்தால் வலி தெரியாது. முள் குத்தியதும் தெரியாது. உப்புத் தண்ணீர் பட்ட காலில் கிருமி தங்காது என்று சிலர் நம்புகிறார்கள். கடல்நீரிலும் முகத்துவாரத்து உப்பு நீரிலும் வாழும் விப்ரியோ போன்ற கிருமிகள் உண்டு. சர்க்கரையும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு அவை புண் வழியாக ரத்தத்தில் இறங்கக்கூடியவை. நாம் ஒளுவுக்கு ஒரு நாளைக்குப் பல முறை காலைக் கழுவுகிறோம். அதில் ஒரு முறையாவது விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தி, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

நான்காவது வாசல் வாய். படுக்க வைத்தபடி கஞ்சி ஊட்டினால் அது புரையேறி நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதன் பிறகும் அரை மணி நேரம் சாய விடாமல் வையுங்கள். படுக்கையில் இருப்பவருக்கும் தினமும் பல் துலக்கிவிட வேண்டும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவ வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பளத்தில் ஒதுங்க இடமில்லாமல், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தே வாழ்ந்த தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பழக்கம் முதுமையிலும் விடுவதில்லை. இரவில் எழுந்திருக்க வேண்டுமே, மருமகளுக்குத் தொந்தரவாகுமே என்று மாலையோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர் தேங்கினால் கிருமி வளரும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்களுக்குக் கேட்காமலே கொடுங்கள். நோயுற்ற முதியவர்களுக்கு நோன்பில் சலுகையும் பிதியாவும் இருக்கின்றன. அதை எடுத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

கடை மாத்திரை

அந்த மகன் வாங்கிக் கொடுத்த நாலு மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதில் இரண்டு கெடுதல். ஒன்று, ஏதோ கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இரவு கழிந்துவிடும். இரண்டு, ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சர் வைப்பார்கள். முன்கூட்டியே அரைகுறை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கிருமி அதில் வளராமல் ஏமாற்றிவிடும். எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகக் கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற தன்மை கொண்ட கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் இருப்பதைக் காட்டியது. அதன் பிறகு 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் முதல் ஹெச்1 என்ற பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. கடைக்காரர் கொடுக்க மறுத்தால் அவர் நமக்கு நல்லது செய்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டியூப் போட்டவரின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. ஆளைப் பாருங்கள். ஆள் தெளிவாக, வழக்கம்போல இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கவனித்துக்கொள்ளலாம். ஆள் மாறியிருந்தால் ஓடுங்கள்.

இல்லத்தில் விட்டவர்களுக்கு

பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருப்பதால், பெற்றோரைக் காப்பகத்திலோ சம்பளத்துக்கு வைத்த ஆளிடமோ விட்டிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. உங்களைக் குற்றம் சொல்ல இந்த மேடை இல்லை. ஆனால் வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். டியூப் எப்போது மாற்றினார்கள், முதுகைக் கடைசியாக யார் பார்த்தது, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், மாறுதல் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், வண்டி இருக்கிறதா, ஒருவரைத் தொட்டு அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவுகிறார்களா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் நேரில் போங்கள்.

நாங்கள் செய்யப் போவது

அந்தப் பெரியவரின் மௌத்துக்குப் பிறகு எங்கள் வருகையின் முறையை மாற்றிக்கொண்டோம். இப்போது ஆண்களைப் பார்க்க ஆண்களும், பெண்களைப் பார்க்கச் சகோதரிகளும் போகிறார்கள். அனுமதி கேட்டு, பையைப் பார்க்கிறோம், முதுகைப் பார்க்கிறோம், பாதத்தைப் பார்க்கிறோம். அதன் பிறகுதான் துஆ.

சென்ற மாதம் ஒரு வீட்டில் மருமகள் எங்களை இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "மாமி இன்னிக்கு என்னைத் திட்டவே இல்ல." தினமும் திட்டுகிற மாமியார் அன்று சுவரைப் பார்த்தபடி கிடந்தார். காய்ச்சல் இல்லை. மூச்சை எண்ணச் சொன்னோம். 28 என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படுக்கைப் புண்ணிலிருந்து தொடங்கியிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். முன்போல நடக்க முடியவில்லை. ஆனால் மருமகளைத் திட்டுகிறார்.

அந்த மருமகள் படித்தது எட்டாவது வரை. அவர் தன் மாமியாரை நன்றாக அறிந்திருந்தார், மாற்றத்தைக் கண்டதும் வெட்கப்படாமல் கூப்பிட்டார். அதுதான் அந்தத் தாயைக் காப்பாற்றியது.

இன்ஷா அல்லாஹ், இனி படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெர்மாமீட்டரும், இன்று சொன்ன அடையாளங்களை எழுதிய ஓர் அட்டையும் கொடுப்போம். பெரியவர் நலமாக இருக்கும் நாளின் சூடு, பி.பி., மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றை அந்த அட்டையிலேயே எழுதி வைப்போம். காற்று மெத்தைகளை இரவலாகக் கொடுப்போம். அவை பலர் கை மாறுபவை என்பதால் ஸகாத் பணத்தில் வாங்காமல் ஸதகா நிதியில் வாங்குகிறோம். இரவில் வண்டி ஏற்பாட்டுக்கு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீடு தேடி வரும். பெயர் பதியாதவர்களுக்கு நாங்கள் கூட வந்து பதிந்து தருவோம்.

பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் எப்படி நடக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் நமக்குச் சொல்லியிருக்கிறது. நாம் அதை ஓதியிருக்கிறோம், பயானில் கேட்டிருக்கிறோம். அந்தப் பணிவு நாவோடு நிற்க வேண்டாம். பையை வடிக்கும் கையிலும், புண்ணைப் பார்க்கும் கண்ணிலும், நடு இரவில் மூச்சை எண்ணும் பொறுமையிலும் அது இருக்கட்டும்.

இன்று இரவு எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள். இனி யாருக்கும் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

மறைந்த அந்தப் பெரியவரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவருடைய தொழுகைகளை ஏற்று, கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. நோயில் இருப்பவர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்கிறவர்களின் களைப்பை நன்மையாக எழுதுவானாக. எங்கள் கவனக்குறைவை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.